டிசம்பர் 24: செய்தி போய்ச் சேர எத்தனை நாள்?

கெண்ட் நகரம் இன்று பெல்ஜியத்தில் இருக்கிறது. 1814-இல் பெல்ஜியம் என்று ஒரு நாடே கிடையாது. அந்த ஆண்டு டிசம்பர் 24 மாலை, பிரிட்டிஷ் தூதர்கள் தங்கியிருந்த பழைய துறவியர் மடத்தில் எட்டுப் பேர் கூடிக் கையெழுத்துப் போட்டார்கள். பிரிட்டன் தரப்பில் மூன்று பேர், அமெரிக்கா தரப்பில் ஐந்து பேர். அமெரிக்கர்களில் ஒருவரான ஜான் குவின்ஸி ஆடம்ஸ் பத்தாண்டு கழித்து அந்நாட்டின் குடியரசுத் தலைவர் ஆகப்போகிறவர். இரண்டரை ஆண்டாக நடந்த போரை நிறுத்திக்கொள்வதாக ஒப்பந்தம். போருக்கு முன் எந்த நிலம் யாரிடம் இருந்ததோ அது அவரிடமே இருக்கும். அத்தனை உயிரும் போய், எல்லைக்கோடு ஓர் அங்குலமும் நகரவில்லை.

மறுநாள் கிறிஸ்துமஸ். தூதர்கள் விருந்து சாப்பிட்டார்கள். அட்லாண்டிக்குக்கு அப்பால், மிசிசிப்பி ஆற்றின் கழிமுகத்தில் பிரிட்டிஷ் படை நியூ ஆர்லியன்ஸ் நகரைப் பிடிக்கக் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு யார் போய்ச் சொல்வது? தந்தி இன்னும் வரவில்லை. நீராவிக் கப்பல் ஆற்றிலும் கரையோரத்திலும் ஓடத் தொடங்கியிருந்ததே தவிர, பெருங்கடலைத் தாண்டவில்லை. காற்று விட்ட வழிதான் செய்தி விட்ட வழி.

1815 ஜனவரி 8 விடியற்காலை, பனிமூட்டத்தில் பிரிட்டிஷ் படை முன்னேறியது. எதிரே மண்ணும் மரமும் குவித்த அரண். அதன் பின்னால் அமெரிக்கத் தளபதி ஆண்ட்ரூ ஜாக்சனின் ஆட்கள். பிரிட்டிஷ் தளபதி எட்வர்ட் பேக்கன்ஹம் அங்கேயே விழுந்தார். வெல்லிங்டன் பிரபுவின் மைத்துனர் அவர். இறந்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர் என்று பிரிட்டிஷ் தரப்புக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் இழப்பு. ஜாக்சன் தரப்பில் இறந்தவர்கள் இருபதுக்கும் குறைவு. ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது.

இதைப் பலரும் ‘போர் முடிந்த பிறகு நடந்த போர்’ என்று எழுதுவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சட்டப்படி சரியில்லை. இரு அரசுகளும் ஏற்று உறுதிசெய்தால்தான் சண்டை நிற்கும் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. பிரிட்டன் சில நாட்களிலேயே உறுதிசெய்துவிட்டது. அமெரிக்கா உறுதிசெய்ய வேண்டுமானால் காகிதம் முதலில் அமெரிக்கா போய்ச் சேர வேண்டும் அல்லவா? பிப்ரவரி 11 அன்றுதான் அது கப்பலில் நியூயார்க் வந்து இறங்கியது. 16-ஆம் தேதி செனட் ஒருமனதாக ஏற்றது.

இதில் எனக்குச் சுவையாகப் படுவது செய்திகள் வந்த வரிசைதான். நியூ ஆர்லியன்ஸ் வெற்றிச் செய்தி பிப்ரவரி 4 அன்று வாஷிங்டனை எட்டியது. ஒரு வாரம் பத்து நாளில் சமாதானச் செய்தி வந்தது. நடந்தது சமாதானம் முதலில், வெற்றி பிறகு. மக்கள் கேட்டது வெற்றி முதலில், சமாதானம் பிறகு. நாம் அடித்த அடியில்தான் இங்கிலாந்து இறங்கி வந்தது என்று ஊர் முழுக்க நம்பியது. அந்த நம்பிக்கையின் தோளில் ஏறித்தான் ஜாக்சன் 1829-இல் வெள்ளை மாளிகைக்குள் நுழைந்தார் என்று சொன்னால் மிகையாகாது.

போரின் தொடக்கமும் இதே கதைதான். அமெரிக்க வணிகக் கப்பல்களைத் தடுத்த பிரிட்டிஷ் ஆணைகள் போருக்கு முக்கியமான காரணம். 1812 ஜூன் 16 அன்று லண்டன் நாடாளுமன்றத்தில் அந்த ஆணைகளை விலக்கிக்கொள்வதாக அறிவித்தார்கள். ஜூன் 18 அன்று அமெரிக்கா போர் அறிவித்தது. இரண்டு நாள் இடைவெளி. அந்தச் செய்தி கடல் தாண்ட ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

தேதிகளை வைத்து எழுதும் இந்தத் தொடரில் ‘அன்று என்ன நடந்தது’ என்றே இதுவரை கேட்டு வந்திருக்கிறோம். டிசம்பர் 24-ஐப் பொறுத்தவரை இன்னொரு கேள்வியையும் கேட்கத் தோன்றுகிறது. நடந்தது எப்போது தெரிந்தது?

கொச்சிக்கு வருவோம். 1524 டிசம்பர் 24 அன்று அங்கே வாஸ்கோ ட காமா இறந்தார். 1498-இல் கோழிக்கோட்டுக்கு வழி கண்டுபிடித்து வந்த அதே காமாதான். மூன்றாவது முறையாக, இந்த முறை போர்ச்சுகல் மன்னரின் வைஸ்ராயாக வந்திருந்தார். இங்கே இருந்த போர்ச்சுகீசிய அதிகாரிகள் மன்னரின் பணத்தைத் தங்கள் பணமாக நினைத்து வாரிக்கொண்டிருந்தார்கள். அதைச் சரிசெய்யத்தான் அவரை அனுப்பினார்கள். வந்து நான்கு மாதம் முடியவில்லை, நோயில் படுத்துப் போய்ச் சேர்ந்தார்.

லிஸ்பன் அரசவை இப்படி ஒன்று நடக்கலாம் என்று எதிர்பார்த்தே இருந்தது. ஆள் இறந்த செய்தி லிஸ்பன் போக ஆறேழு மாதம், அடுத்தவரை நியமித்து அனுப்ப இன்னோர் ஆறேழு மாதம். அதுவரை யார் ஆள்வது? அதனால் காமாவிடமே முத்திரையிட்ட கடிதங்களைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அவர் இறந்தால் முதல் கடிதத்தைப் பிரி, உள்ளே இருக்கும் பெயர்தான் அடுத்த ஆளுநர். தன் சாவுக்குப் பிறகு திறக்க வேண்டிய உறையைத் தன் கப்பலிலேயே ஏற்றிக்கொண்டு ஒரு மனிதர் பாதி உலகத்தைச் சுற்றி வந்திருக்கிறார்.

கொச்சி தேவாலயத்தில் கடிதத்தைப் பிரித்தார்கள். என்ரிக் ட மெனசஸ் என்ற பெயர் இருந்தது. அவர் கோவாவில் இருந்தார், ஆள் அனுப்பி வரவழைத்தார்கள். அவரும் 1526 பிப்ரவரியில் இறந்துபோனார். அடுத்த உறையைப் பிரித்தால் பெரோ மஸ்கரேன்யஸ் என்று இருந்தது. அவரோ மலாக்காவில்! காற்று திரும்பி அவர் வருவதற்குள் லோப்போ வாஸ் ட சாம்பாயோ என்பவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மலாக்காவிலிருந்து வந்து இறங்கிய மஸ்கரேன்யஸுக்குக் கிடைத்தது விலங்கு. வழக்கு லிஸ்பன் போனது, சாம்பாயோ விலங்கோடு ஊர் திரும்பினார், தீர்ப்பும் மஸ்கரேன்யஸ் பக்கம் வந்தது. மன்னர் முன்யோசனையோடு செய்த ஏற்பாட்டையும் தூரம் தோற்கடித்துவிட்டது.

காமாவின் உடலைக் கொச்சியிலேயே, இன்று புனித பிரான்சிஸ் தேவாலயம் என்று அழைக்கப்படும் இடத்தில் புதைத்தார்கள். பல ஆண்டு கழித்து எலும்புகளை எடுத்துப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோனார்கள். கொச்சிக் கோட்டைப் பக்கம் போகிறவர்கள் அந்த வெற்றுக் கல்லறையை இன்றும் பார்க்கலாம்.

பஞ்சாங்கக்காரர்களுக்காக ஒன்று. 1524-இல் ஐரோப்பா பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. 1582-இல் போப் கிரிகோரி திருத்திய கணக்கில் பார்த்தால் காமா இறந்த நாள் 1525 ஜனவரி 3 ஆகிவிடும். ஒரே தேதியில் நடந்தவை என்று நாம் கோக்கிற மாலையில் இப்படி ஒன்றிரண்டு பூ வேறு நாளில் பூத்ததுதான். நூல்கள் எல்லாம் டிசம்பர் 24 என்றே எழுதுவதால் நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

1818 டிசம்பர் 24-க்குப் போனால் ஒரே நாளில் இரண்டு செய்தி, இரண்டுமே தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தன. ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் அருகே ஓபர்ன்டார்ஃப் என்ற சின்ன ஊர். அங்கே உதவிப் பாதிரியார் யோசஃப் மோர். பக்கத்து ஊரில் பள்ளி ஆசிரியர் ஃபிரான்ஸ் குரூபர். மோர் இரண்டாண்டு முன்பு எழுதி வைத்திருந்த பாடலுக்குக் குரூபர் அன்று மெட்டுப் போட, கிறிஸ்துமஸ் முந்திய இரவு தேவாலயத்தில் கிட்டார் வைத்து இருவரும் பாடினார்கள். இன்று நம் ஊர்த் தேவாலயங்களிலும் தமிழில் ஒலிக்கிற ‘சைலன்ட் நைட்’ அதுதான்.

ஆர்கன் பழுது பார்க்க வந்த ஒரு கைவினைஞர் அந்தப் பாட்டைத் தன் மலைப்பள்ளத்தாக்குக்கு எடுத்துப் போனார். அங்கிருந்து ஊர் ஊராய்ப் போய்ப் பாடும் குடும்பங்கள் அதை லைப்சிக்குக்கும், 1839-இல் நியூயார்க்குக்கும் கொண்டுபோயின. பாட்டு போன வேகத்துக்கு, பாடல் செய்தவர்கள் பெயர் போகவில்லை. ஹைடன் செய்தது, மோட்சார்ட் செய்தது என்றெல்லாம் பேசிக்கொண்டார்கள். 1854-இல் பெர்லின் அரசவை இசைக்குழு சால்ஸ்பர்க்கை விசாரித்த பிறகுதான் குரூபர் உட்கார்ந்து நடந்ததை எழுதிக் கொடுத்தார். மோர் அதற்கு ஆறாண்டு முன்பே, கையில் காசில்லாமல் காலமாகியிருந்தார்.

அதே 1818 டிசம்பர் 24 அன்று இங்கிலாந்தில் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபர்டில் ஒரு பீர் ஆலை முதலாளி வீட்டில் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் பிறந்தார். பத்தாம் வகுப்பு அறிவியல் படித்தவர்களுக்கு ஜூல் என்றால் ஓர் அலகு. வெப்பமும் உழைப்பும் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடியவை, இவ்வளவு உழைப்புக்கு இவ்வளவு வெப்பம் என்று அளந்து காட்டியவர் அவர். 1843-இல் கார்க் நகரில் அறிஞர் கூட்டத்தில் சொன்னார். யாரும் அசையவில்லை. 1847-இல் ஆக்ஸ்ஃபர்டில் மறுபடி சொல்ல வந்தபோது, நேரமில்லை, சுருக்கமாக முடியுங்கள் என்றார்கள். அவையில் இருந்த இருபத்து மூன்று வயது வில்லியம் தாம்சன் எழுந்து பேசவில்லையென்றால் அன்றும் அது காற்றோடு போயிருக்கும். பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர் அந்தத் தாம்சன். ஜூலின் கல்லறையில் 772.55 என்ற எண்ணைப் பொறித்திருக்கிறார்கள். ஒரு பவுண்டு தண்ணீரின் வெப்பநிலையை ஒரு பாரன்ஹீட் டிகிரி உயர்த்த எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று அவர் கண்ட அளவு அது.

இதே தேதியில் பிறந்தவர்களில் இன்னொருவர் பாடகர் முகமது ரஃபி. 1924, அமிர்தசரஸ் பக்கம் கோட்லா சுல்தான் சிங் கிராமம். அவரை இரண்டு வரியில் முடிப்பது பாவம். தனியாக ஒரு வாரம் ஒதுக்குகிறேன்.

ஓபர்ன்டார்ஃபில் பாடிய பாட்டு இதே தேதியில், தொண்ணூற்றாறு ஆண்டு கழித்து, மிக வேறான ஓர் இடத்தில் கேட்டது. 1914 டிசம்பர் 24 இரவு, பெல்ஜியம் பிரான்ஸ் எல்லையோரப் பதுங்குகுழிகள். ஜெர்மானியர் குழிகளின் விளிம்பில் சின்னச் சின்ன மரங்களையும் மெழுகுவர்த்திகளையும் வைத்துப் பாடத் தொடங்கினார்கள். எதிர்க்குழியில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் பதிலுக்குப் பாடினார்கள். மறுநாள் பல இடங்களில் இரு தரப்பும் நடுவெளியில் இறங்கிக் கை குலுக்கினார்கள், சிகரெட் மாற்றிக்கொண்டார்கள், அங்கே கிடந்த பிணங்களை எடுத்துப் புதைத்தார்கள். இந்தியாவிலிருந்து போன கார்வால் ரைபிள்ஸ் படையினரும் அதில் இருந்தார்கள். எல்லா இடத்திலும் இப்படி நடந்தது என்று நினைக்க வேண்டாம். சில பகுதிகளில் அன்றும் துப்பாக்கி ஓயவில்லை, கிறிஸ்துமஸ் அன்று சுடப்பட்டு இறந்தவர்களும் உண்டு.

இந்தச் செய்தி ஊருக்குப் போனது எப்படி? தந்தி இருந்தது, தொலைபேசி இருந்தது. ஆனால் எதிரியோடு கை குலுக்கிய கதையை எந்தத் தலைமையகம் தந்தியடிக்கும்? சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில்தான் அது வெளியே வந்தது. வீட்டார் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுத்தார்கள். டிசம்பர் 31 அன்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது, புத்தாண்டில் லண்டன் பத்திரிகைகள் எழுதின. ஜெர்மானியரும் பிரிட்டிஷாரும் சேர்ந்து நிற்கும் புகைப்படத்தை டெய்லி மிரர் முதல் பக்கத்தில் போட்டது 1915 ஜனவரி 8 அன்று. நியூ ஆர்லியன்ஸ் சண்டைக்கு அன்று சரியாக நூறு வயது. தற்செயல்தான், நான் அதிகமாக எதையும் அதில் ஏற்றவில்லை. என்றாலும் கணக்கைப் பாருங்கள். 1814-இல் கையெழுத்துக்கும் சண்டைக்கும் நடுவே பதினைந்து நாள், 1914-இல் பாட்டுக்கும் படத்துக்கும் நடுவே பதினைந்து நாள். முன்னதில் தடை கடல், பின்னதில் தடை மேலதிகாரிகள்.

வானொலியின் பிறந்தநாள் என்று 1906 டிசம்பர் 24-ஐச் சில நூல்கள் சொல்லும். ரெஜினால்ட் ஃபெஸன்டன் என்ற பொறியாளர் அமெரிக்கக் கடற்கரையிலிருந்து வயலினும் பேச்சும் ஒலிபரப்பினார், கடலில் போன கப்பல்களில் தந்திக் கருவி வைத்திருந்தவர்கள் திகைத்துப்போனார்கள் என்பது கதை. இதற்கு முதன்மையான ஆதாரம் ஃபெஸன்டன் 1932-இல், தான் இறப்பதற்குச் சில மாதம் முன்பு எழுதிய கடிதம். திகைத்துப்போனதாகச் சொல்லப்படும் கப்பல்களின் குறிப்பேடுகளில் தேடியவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. அதனால் ஆராய்ச்சியாளர்கள் இதை ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். நானும் அந்தக் கட்சி.

1968-இல் ஐயத்துக்கு இடமில்லை. அப்போலோ 8 டிசம்பர் 24 அன்று நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்தது. நம் நேரப்படி இரவு பத்து மணி தாண்டியிருக்கும், நிலாவின் விளிம்புக்கு மேல் பூமி எழுவதை வில்லியம் ஆண்டர்ஸ் வண்ணப்படமாக எடுத்தார். சில மணி நேரம் கழித்து மூன்று விண்வெளி வீரர்களும் பைபிளின் தொடக்க வசனங்களை வாசித்து நேரலையில் பேசினார்கள். நிலாவிலிருந்து குரல் வந்து சேர ஒன்றேகால் விநாடி போதும். படம் அப்படி வரவில்லை. அது ஃபிலிம் சுருளில் இருந்தது. 27-ஆம் தேதி கலம் பசிபிக் கடலில் இறங்கி, சுருளைக் கழுவி, மாதக் கடைசியில்தான் உலகம் அதைப் பார்த்தது.

இனி நம் ஊர். 1973 டிசம்பர் 19 அன்று தியாகராய நகரில் பெரியார் பேசினார். வலியில் பேச்சை நிறுத்தி நிறுத்திப் பேசினார். அதுவே கடைசிப் பேச்சு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 24 காலை, தொண்ணூற்று நான்காம் வயதில் காலமானார். தமிழ்நாட்டில் அப்போது தொலைக்காட்சி கிடையாது. சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்டில்தான் வந்தது. செய்தி வானொலி வழியாகவும், கழகத் தோழர்களின் வாய் வழியாகவும் பரவியது. உடலைச் சென்னை ராஜாஜி மண்டபத்தில் வைத்தார்கள். எந்த அரசுப் பதவியிலும் இல்லாதவருக்கு முதல்வர் கருணாநிதி அரசு மரியாதை அளித்தார். 25 அன்று வேப்பேரி பெரியார் திடலில் அடக்கம். அந்த 25-தான் ராஜாஜியின் முதலாம் நினைவுநாள். 1972-இல் அதே நாளில் இறந்த ராஜாஜிக்காகச் சுடுகாட்டில் சக்கர நாற்காலியில் அமர்ந்து அழுத பெரியாரை, ஓராண்டு நிறைகிற நாளில் ராஜாஜி பெயர் கொண்ட மண்டபத்திலிருந்து ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். அந்த மண்டபத்தைக் கட்டியவர்கள் வெள்ளைக்காரர்கள், திப்புவை வென்ற பெருமையைக் கொண்டாட.

எம்.ஜி.ஆருக்கும் இந்தத் தேதிக்கும் இருமுறை தொடர்பு. 1984 அக்டோபரில் நோய்வாய்ப்பட்டு நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனைக்குப் போனார். அவர் உயிரோடு இல்லை என்று ஊரெல்லாம் வதந்தி. மருத்துவமனையில் அவர் இருப்பதைப் படம்பிடித்துத் தமிழ்நாடு முழுக்கத் திரையிட்டார்கள். டிசம்பர் 24 அன்று சட்டமன்றத் தேர்தலுக்கு வாக்குப்பதிவு. ஆண்டிப்பட்டிப் பக்கமே வராமல் ஆண்டிப்பட்டியில் வென்றார், கட்சி மறுபடி ஆட்சிக்கு வந்தது. சரியாக மூன்று ஆண்டு கழித்து, 1987 டிசம்பர் 24 விடியுமுன், ராமாவரம் தோட்டத்தில் காலமானார். 1967-இல் குண்டடி பட்டுப் பிழைத்தவர், 1984-இல் சாவின் வாசல் வரை போய் வந்தவர். அதனால் இந்த முறை செய்தி உண்மை என்று வந்தபோதும் நம்பாதவர்கள் ஏராளம். மறுபடியும் ராஜாஜி மண்டபம், மறுபடியும் 25 அன்று அடக்கம், இந்த முறை மெரினாவில்.

இடையில் சென்னை எரிந்தது. கடைகள் சூறையாடப்பட்டன. அண்ணா சாலையில் இருந்த கருணாநிதி சிலையைக் கடப்பாரை கொண்டு உடைத்தார்கள். கருணாநிதிக்குச் சிலை வைக்க வேண்டும் என்று விரும்பியவர் பெரியார். அவர் மறைந்த பிறகு அவர் மனைவி மணியம்மையார் 1975-இல் அதை நிறைவேற்றினார். பெரியார் விரும்பிய சிலை பெரியார் நினைவுநாளை ஒட்டி நொறுங்கியது. உடைத்தவர்கள் அதை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. 1999 டிசம்பர் 24 மாலை காத்மாண்டுவிலிருந்து டெல்லி வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஐ.சி. 814 விமானத்தைக் கடத்தினார்கள். அது எரிபொருளுக்காக அமிர்தசரஸில் இறங்கி முக்கால் மணி நேரம் நின்றது. விமானம் அங்கே நிற்பது டெல்லிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால் என்ன? டெல்லி ஒரு முடிவெடுத்து அது ஓடுபாதைக்கு வந்து சேர்வதற்குள் விமானம் கிளம்பிப் போய்விட்டது. லாகூர், துபாய் என்று அலைந்து கந்தகாரில் போய் நின்றது. எட்டாம் நாள், மூன்று தீவிரவாதிகளை விடுவித்த பிறகே மீதிப் பயணிகள் மீண்டார்கள்.

1987 டிசம்பர் 24 பலருக்கும் நேற்று போல நினைவிருக்கும். எம்.ஜி.ஆர். இறந்த செய்தி உங்கள் ஊருக்கு எத்தனை மணிக்கு, யார் மூலம் வந்தது? வானொலியா, திரும்பி வந்த பேருந்தின் நடத்துநரா, மாலைப் பத்திரிகையா? முதலில் நம்பினீர்களா? ஊர்ப் பெயரோடு ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்புங்கள், தேர்ந்தவற்றைத் தொடரின் இறுதியில் வெளியிடுவோம். அடுத்த வாரம் டிசம்பர் 25. 1968-இல் கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு எரித்த இரவு அது.